பூச்சி தின்ற இடத்தில் மூன்று சொற்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, காட்பாடியில், குளிரூட்டிய அறை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, நான் எழுதாத என்னுடைய கட்டுரையைப் படித்தேன்.

நன்றாக இருந்தது. எனக்கு முதலில் பயம் தந்தது அதுதான்.

முறையாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். தமிழ்த்துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கும் ஷாஹிதா என்பவருக்குத் தகுதிகாண் பருவம் முடிகிறது. அவரைப் பணியில் நிரந்தரமாக்குவதா, ‘போய் வாருங்கள்’ என்று சொல்லிவிடுவதா என்று முடிவு செய்ய ஒரு குழு. அதில் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பாட வல்லுநர் நான். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர்களுக்கு இப்படி அவ்வப்போது ஒரு சால்வையும், ஒரு தட்டு பிஸ்கட்டும், பிறருடைய தலையெழுத்தில் ஒரு கையெழுத்தும் வாய்ப்பதுண்டு.

ஷாஹிதா ஆம்பூர்க்காரர். வீட்டில் உருது பேசுபவர். அவர் எடுத்துக்கொண்ட வேலையோ, பாலாற்றங்கரைச் சிறு கோயில்கள் மீது பெயர் தெரியாத அடியார்கள் பாடிவைத்த பதிகங்கள். காவேரிப்பாக்கத்தில் ஒரு வீட்டுப் பரணிலும், வாலாஜாபேட்டையில் ஒரு பழைய மரப்பெட்டியிலும் கிடந்த ஓலைகளைத் தேடிப் போயிருக்கிறார். எழுத்தெழுத்தாகப் படித்து, ஓலைக்கு ஓலை ஒப்பிட்டு, வேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்து ஒரு பதிப்பு கொண்டுவந்திருக்கிறார். மூன்று வருட உழைப்பு.

அந்தப் பதிப்பில் நிறையப் புள்ளிகள். ஓலை சிதைந்து எழுத்து தெரியாத இடத்தில் பதிப்பாசிரியர் புள்ளி வைப்பார். ‘இங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை’ என்பதற்கு அச்சில் உள்ள ஒரே அடையாளம் அது. அதை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் இந்தப் பதிப்புக்கு இடம் எங்கே? கடைசிக் கட்டத்தில் – ‘மற்றவை’. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளுக்குத்தான் மதிப்பெண். அந்தக் கட்டத்தில் ஷாஹிதாவுக்குப் பூஜ்யம்.

குழுவை நடத்திய டீன் நல்ல மனிதர். பொறியியல்காரர்.

“சார், எனக்கு இலக்கியமெல்லாம் தெரியாது. நான் மெக்கானிக்கல். இந்த ஷீட்டுல கட்டம் ரொம்பணும், அவ்ளோதான். மேடம் நல்லா க்ளாஸ் எடுக்கிறாங்க, பசங்களுக்கும் புடிக்கும். ஆனா அவங்க புக்கை சாஃப்ட்வேர்ல போட்டா, பாதிக்கு மேல காப்பின்னு சிவப்புல காட்டுது.”

“எதிலிருந்து காப்பி?”

“இணையத்துல இருக்கிற ஏதோ பதிகம்னு போட்டிருக்கு சார்.”

அடியார் பாடியதை அடியார் பாடியபடியே அச்சிட்டால் அது நகல்! மாற்றி அச்சிட்டிருந்தால் சொந்தப் படைப்பு என்று பச்சையில் காட்டியிருக்கும் போலும். வாய்விட்டுச் சிரித்தேன். அன்றைய சிரிப்பு அதோடு முடிந்தது.

“அதை விடுங்க சார். இதுதான் மெயின்” என்று டீன் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். “இந்தப் பாட்டை மேடம் அரைகுறையா விட்டிருக்காங்க. நடுவுல வெறும் புள்ளி. ஆனா உங்க பேப்பர்ல அதே பாட்டு முழுசா இருக்கு. அப்போ அவங்களுக்கு ஓலை படிக்க வரலைன்னுதானே அர்த்தம்? உங்க பேப்பரைத்தான் சார் அளவுகோலா வெச்சிருக்கோம்.”

“என் பேப்பரா?”

தாளைத் திருப்பினேன். முதல் ஆசிரியர் – நான். என் பெயர், என் பழைய பதவி, எல்லாம் சரியாக இருந்தன. இரண்டாம் ஆசிரியர், தொடர்புக்குரியவர் – தணிகாசலம்.

வேலூரில் ஒரே துறையில், எதிரெதிர் மேசையில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்திருந்தோம், நானும் தணிகாசலமும். ஆறு வருடங்களுக்கு முன் அவன் நெற்றியில் கடைசியாகத் திருநீறு பூசியவன் நான். கட்டுரை வெளிவந்திருப்பதோ, போன கார்த்திகையில்.

குளிர்சாதனக் கருவி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. படித்தேன். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும், ஒரு சந்தேகம் வந்தால் ‘சற்றே நிற்போம்’ என்று எழுதுவது என் வழக்கம். கட்டுரையில் மூன்று இடங்களில் ‘சற்றே நிற்போம்’ இருந்தது. நான் நிறுத்துகிற இடங்களிலேயே நிறுத்தியிருந்தது. ஒரு வாக்கியம் முடியுமுன்பே அடுத்தது எப்படி வரும் என்று என் உதடு முணுமுணுத்தது... அப்படியே வந்தது.

எதுவோ ஒன்று, ஏதோ ஓர் எந்திரம், என்னைப் படித்திருக்கிறது. உங்களைப் போலவே, வாராவாரம், விடாமல்.

கட்டுரையின் வாதம் இது. டீன் காட்டிய பதிகத்தின் மூன்றாம் பாட்டில், ‘பாலி மாநதிக் கரையினில் பதஞ்செய் தோல் உடுத்து நின்ற பரமனே’ என்று ஓர் அடி இருக்கிறதாம். பாலி என்பது பாலாறு. ஆகவே பதிகம் பாடிய காலத்திலேயே பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் இருந்ததற்கு இதுவே சான்றாம். ‘இவ்வடி ஓலையில் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகக் காணப்படுகிறது’ என்று எழுதி, கீழே என் பெயரும் இறந்தவன் பெயரும்.

இந்த இடத்தில், பன்னிரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதிகத்துக்கு உள்ளது ஒரே ஓலைதான், காவேரிப்பாக்கத்தில். பல வருடங்களுக்கு முன் நானும் தணிகாசலமும் போய்ப் பார்த்தோம். மூன்றாம் பாட்டு, மூன்றாம் அடி. ‘பாலி மாநதிக் கரையினில்’ என்று தொடங்குகிறது. பிறகு இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சி தின்ற ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ‘நின்ற பரமனே’. ஓலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஓட்டை வழியாக எதிரே இருந்த தணிகாசலத்தின் ஒற்றைக் கண் தெரிந்தது.

ஏதோ ஒரு சொல்லை ஊகித்துச் சொன்னேன்.

“யோவ், ஓட்டைன்னா ஓட்டைன்னு எழுதுய்யா. உனக்கு இன்னா, அடியாரு கனவுல வந்து சொன்னாரா?” என்றான். புள்ளி வைத்தோம்.

ஓய்வு பெற்ற பின், பதிகம் எந்தக் கோயில் மேல் பாடப்பட்டதோ அதே கோயிலில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பாடத் தொடங்கினேன். ஆம்பூரை அடுத்து, பாலாற்று மணலைப் பார்த்த சிறு கோயில். ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், தோல் ஷாப்பில், அதாவது பதனிடும் ஆலையில், வேலை செய்கிறவர்கள் என்று இருபது பேர் கூடுவோம். நான் ஓர் அடி பாட, அவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

ஏட்டில் புள்ளி வைக்கலாம். பண்ணில் எப்படிப் புள்ளி வைப்பது? தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது. இருபது வாய்கள் காத்திருக்கின்றன. பாடுகிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு – சொல் மறந்தாலும் பண் உடையக் கூடாது என்று வாய்க்கு வந்ததை இட்டு நிரப்பி, அடுத்த அடிக்குத் தாண்டிவிடுவது. நானும் சில வாரம் அந்த இடத்தில் ராகத்தை மட்டும் இழுத்துப் பார்த்தேன். பிறகொரு வெள்ளிக்கிழமை, காற்று திரும்பித் தோல் ஷாப் வாடையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தது. வாயில் தானாக மூன்று சொற்கள் விழுந்தன.

பதஞ்செய். தோல். உடுத்து.

மோனை பொருந்தியது. சந்தம் பொருந்தியது. இறைவன் தோல் உடுத்தவன்தான். ஆனால் பதஞ்செய்த தோலை அவனுக்கு உடுத்தியது ஆம்பூர்க் காற்று.

தாளம் போடும் ஏகாம்பரம் – ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் – பாட்டு முடிந்ததும் கண் கலங்கி வந்தார். “ஐயா, சாமி நம்மாளுங்கய்யா! தோலு வாடை அவருக்கும் பழக்கம்தான்!” என்றார். அந்த முகத்தைப் பார்த்து, ‘அது என் சரக்கு’ என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் இருபது பேரும் அதைப் பிழையில்லாமல் பாடினார்கள்.

ஏகாம்பரம் செல்போனில் பதிவு செய்து இணையத்திலும் ஏற்றினார். அந்த மூன்று சொற்கள் அந்தப் பதிவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஆகவே கட்டுரை அவற்றை எடுத்தது எங்கிருந்து என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வாயிலிருந்துதான்.

ஷாஹிதாவை உள்ளே அழைத்தார்கள். கையில் அவருடைய பதிப்பு. பக்கங்களுக்கு நடுவே துண்டுக் காகிதங்கள். என்னைக் கும்பிட்டுவிட்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“மேடம், ஐயா இங்கயே இருக்காங்க. அவங்க படிச்ச இடத்துல நீங்க புள்ளி வெச்சிருக்கீங்க. ஏன்?” என்றார் டீன்.

“அந்த ஓலையை நாலு தடவை போய்ப் பாத்தேன் சார். லென்ஸ் வெச்சுப் பாத்தேன். படம் எடுத்துப் பெருசு பண்ணியும் பாத்தேன். ஓட்டைதான் இருக்குது.”

“ஐயா பேர்ல இவ்ளோ தெளிவா வந்திருக்கே?”

ஷாஹிதா என்னைப் பார்த்தார். அந்தக் கட்டுரையை நான்தான் எழுதினேன் என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் வேலையை முடிவு செய்யப்போகிற கிழவனுக்கு எதிராக, தெரிந்தே, அந்தப் புள்ளிகளை வைத்திருக்கிறார்!

“ஐயா புக்கைப் பாத்துத்தான் சார் நான் ஓலை படிக்கவே கத்துக்கிட்டேன். ஐயா தப்பா படிச்சிருப்பாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை...” நிறுத்தினார். “ஆனா, இல்லாததை இருக்குதுன்னு எழுதக் கையும் வரலை.”

டீன் இரக்கத்தோடுதான் சொன்னார். “ஒண்ணு பண்ணலாம் மேடம். அந்தப் புள்ளிய எடுத்துட்டு ஐயா சொன்னதைப் போட்டுக்கறேன்னு ஒரு லெட்டர் குடுங்க. தப்பைத் திருத்திக்கிட்டாங்கன்னு எழுதி கன்ஃபர்ம் பண்ண முடியும். இல்லன்னா இந்த மாசத்தோட...”

“அது தவிர வேற வழி இல்லீங்களா சார்?”

ஷாஹிதா தன் பதிப்பைத் திறந்து மேசையில் வைத்தார். எனக்கு எதிரே திறந்து கிடந்த பதிப்பில் அந்தப் புள்ளிகள். வரிசையாக, கறுப்பாக. ஒவ்வொன்றும் ஓலையில் இருந்த ஓட்டையாகத் தெரிந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கண்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுபம். அந்தப் பெண் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார். வேலை நிற்கும். என் பெயருக்கு ஒரு கட்டுரை நிற்கும். கோயிலில் பாட்டு நிற்கும். இல்லாத ஒன்று இருப்பதாகிவிடும். எவ்வளவு சுலபம்!

“இந்தக் கட்டுரை நான் எழுதியதல்ல” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. “தணிகாசலமும் எழுதவில்லை. அவர் இறந்துவிட்டார். இந்த மூன்று சொற்கள் மட்டும் என்னுடையவை. பல வருடமாகக் கோயிலில் பாடும்போது நான் இட்டு நிரப்பியவை; அந்தப் பதிவு இணையத்தில் இருக்கிறது. ஓலையில் இல்லை. இவர் வைத்த புள்ளிதான் சரியான பாடம்.”

டீன் கண்ணாடியைக் கழற்றினார். “சார்... அப்போ கோயில்ல இத்தன வருஷமா பாடறது?”

“நான் கட்டியது.”

குற்றத்தை இறைவனிடம் சொல்வது எளிது. அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

டீன் சிறிது நேரம் கணினியைத் தட்டினார். “நீங்க எழுதலைன்னு சொன்னா மட்டும் போதாது சார். இதழ்க்காரங்க வாபஸ் வாங்கணும். அதுவரைக்கும் சிஸ்டத்துல அது உங்க பேப்பர்தான். இதோ, உங்க பேர்ல ஸ்கோர் ஏறியிருக்கு பாருங்க.” பார்த்தேன். ஏறியிருந்தது. இறந்தவனுக்கும் ஏறியிருந்தது.

சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. “மேடம், இந்தக் கதையையே ஒரு பேப்பரா போடுங்களேன்! ஐயா இட்டுக்கட்டினது, அது இணையத்துக்குப் போனது, பொய்ப் பேப்பரா வந்தது, நீங்க கண்டுபுடிச்சது... பட்டியல்ல இருக்கிற இதழ்லயே எடுத்துப்பாங்க. ஸ்கோர் வந்துடும். ஆறு மாசம் டைம் நான் வாங்கித் தர்றேன்.”

இதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். ஓட்டையை ஓட்டை என்று சொன்னதற்கு மதிப்பெண் இல்லை. ஓட்டையை அடைத்ததற்கு உண்டு. அடைத்தவனைப் பிடித்தால் அதற்கும் உண்டு. மூன்று வருடம் ஓலையோடு உட்கார்ந்து, தெரியாத இடத்தில் தெரியாது என்று கையெழுத்துப் போட்ட படிப்புக்கு மட்டும் ஒரு கட்டம்கூட இல்லை. ஒரு வேலைக்கு ஒருவரை நிரந்தரமாக்குவது என்றால் எதை நம்பி நிரந்தரமாக்குகிறோம்? அவர் எத்தனை எழுதினார் என்பதை நம்பியா? யாரும் பார்க்காதபோது எங்கே நிறுத்தினார் என்பதை நம்பியா?

குழு கலைந்த பிறகு ஷாஹிதா வராந்தாவில் காத்திருந்தார்.

“ஐயா, உங்களைப் பத்தி எழுதித்தான் வேலைன்னா எனக்கு வேணாங்க. ஆம்பூர்லயே ஏதாவது ஸ்கூல் பாத்துக்கிறேன்.”

“எழுதுங்கம்மா. நீங்க எழுதலைன்னா அந்தப் பொய் ஓலையில ஏறிடும்.”

அவர் தலை குனிந்து புத்தகத்தின் துண்டுக் காகிதங்களைச் சரிசெய்தார். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்த வரி நல்லாத்தாங்கய்யா இருக்குது. அதான் பேஜாரு. அன்னிக்கு வீட்ல பாத்திரம் கழுவிக்கிட்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தேன். ஓட்டை வர்ற இடத்துல என் வாயும் நிக்கலை. அதுவே ரொப்பிக்கிச்சு. அம்மிகூட, எங்கம்மாதான், கேட்டாங்க, ‘இன்னாடி, அப்படியே நின்னுட்டே?’ன்னு.”

நான்கு முறை ஓலையைப் பார்த்தவர். ஓட்டையை அளந்தவர். அவர் வாயிலும்!

“வெள்ளிக்கிழமை இன்னா பண்ணுவீங்கய்யா?” என்று கேட்டார்.

“நிறுத்துவேன்” என்றேன்.

புதன்கிழமை காலை, பூஜை முடித்து, கட்டுரையில் தணிகாசலத்தின் பெயருக்குக் கீழே இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினேன். ‘நான் எழுதாத கட்டுரை. என் நண்பர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. உடனே நீக்குக.’ காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

‘அன்பிற்குரிய பேராசிரியருக்கு, தங்கள் கருத்துக்கு நன்றி. நாம் இணைந்து எழுதும் அடுத்த கட்டுரை நிறைவுபெறும் நிலையில் உள்ளது. அதன் முடிவுரைக்கு முன் சற்றே நிற்போம். – தணிகாசலம்.’

உயிரோடிருந்தவரை அவன் என்னை ஒருநாளும் ‘அன்பிற்குரிய’ என்றதில்லை. ‘யோவ்’ என்றுதான் கூப்பிடுவான். அந்த ஒரு சொல்தான் அதற்குத் தெரியவில்லை. இதோ, நான் இப்போது எழுதிவிட்டேன்... இனி தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை, நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு, நானும் தணிகாசலமும் புள்ளி வைத்த பழைய குறிப்பேட்டோடு ஷாஹிதாவுக்கு அனுப்பினேன். கட்டுரையைத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. முதல் பத்தியிலேயே என் பெயராம். வரட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குப் போனேன். பாடத் தொடங்குமுன் எழுந்து நின்று சொன்னேன்: அந்த மூன்று சொற்கள் நான் சேர்த்தவை, அடியார் வாக்கல்ல, இனி அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மேலே போவோம்.

இருபது பேரும் என்னையே பார்த்தார்கள். ஏகாம்பரம்தான் சிரித்தார். “இன்னாங்கய்யா நீங்க! ஓலையிலயே இருக்குதுன்னு உங்க பேப்பர்லயே வந்திருக்குது, என் பையன் படிச்சுக் காட்டினான். அந்த வரியைப் போட்டு எங்க கம்பெனி வாசல்ல பேனரே கட்டியாச்சு. நீங்க எப்பவும் அடக்கம் கொஞ்சம் ஜாஸ்தி.”

என் பெயரில் வந்தது என்னைவிட நம்பத் தகுந்ததாகிவிட்டது.

பாடத் தொடங்கினோம். சென்ற தை மாதத்திலிருந்து என் தொண்டை சரியில்லை. அதனால் ஏகாம்பரம் என் பழைய பதிவை ஒரு சிறு ஸ்பீக்கரில் துணைக்கு ஓடவிடுவது வழக்கம். அன்றும் ஓடவிட்டார். முதல் பாட்டு. இரண்டாம் பாட்டு. வெளியே ஆற்று மணலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காற்று திரும்பி, பழகிய வாடை உள்ளே வந்தது. மூன்றாம் பாட்டு, மூன்றாம் அடி. பாலி மாநதிக் கரையினில்...

நான் சற்றே நின்றேன். என் குரல் நிற்கவில்லை.